293318625600: ஒரு பெரிய எண்ணைத் தாளும் பென்சிலும் கொண்டு பிரித்தறிவது எப்படி?

ராமானுஜனோடு சேர்த்துச் சொல்லப்படும் எண் எது என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் தயங்காமல் 1729 என்போம். அந்த வாடகைக் கார் எண்ணுக்குக் கிடைத்த புகழ் கிடைக்காவிட்டாலும், அவருடைய உழைப்போடு இன்னும் நெருக்கமான தொடர்புடைய வேறோர் எண் இருக்கிறது, அதுதான் 293318625600. 1915ஆம் ஆண்டு லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரை ‘உயர் பகு எண்கள்’ பற்றியது. தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணைக் காட்டிலும் அதிகமான வகுத்திகளைக் கொண்டிருக்கும் எண்ணை அவர் அப்பெயரால் அழைத்தார். 12க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகுத்திகள் உள்ளன; 12க்குக் கீழே எந்த எண்ணுக்கும் நான்குக்கு மேல் இல்லை; எனவே 12 ஓர் உயர் பகு எண். இத்தகைய நூற்றுக்கு மேற்பட்ட எண்களை அவர் அக்கட்டுரையில் அட்டவணையாகத் தந்தார். அதில் இடம்பெற்றிருக்க வேண்டியும் விடுபட்டுப்போனது 293318625600.

இவ்வழிகாட்டி அந்த எண்ணை எடுத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் கற்ற வகுபடும் தன்மை விதிகளை மட்டும் பயன்படுத்தி, அதன் பண்புகளை ஒவ்வொன்றாக வெளிக்கொணரும் முறையைப் புதியவர்களுக்கு விளக்குகிறது. வாசிப்பவர் ஒவ்வொரு படியையும் தாமே தாளில் செய்துபார்த்துக்கொண்டு வருவது நல்லது. வெறுமனே கண்ணை ஓட்டினால் இதில் உள்ள சுவையில் பாதி கிடைக்காது.

முதற்படி: எண்ணை எழுதிக்கொள்ளுதல்

இந்திய முறைப்படி காற்புள்ளி இட்டால் இவ்வெண் 2,93,31,86,25,600 ஆகும். அதாவது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. வாயால் சொல்வதற்கு இது வசதியானது. கணக்குப் போடுவதற்கோ, வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்த 293,318,625,600 என்ற வடிவமே உதவும்; அதன் காரணம் சற்று நேரத்தில் தெரியவரும். இரண்டு வடிவங்களையும் தாளின் மேற்பகுதியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைகளில் பயன்படும் 12 இலக்கக் கால்குலேட்டர் கையில் இருந்தால், எண் திரையை முழுதும் அடைத்துக்கொண்டு சரியாகப் பொருந்தும். அதைவிடச் சிறிய திரை கொண்டதையும், பெரிய எண்களைப் பத்தின் அடுக்காகச் சுருக்கிக் காட்டும் செயலிகளையும் தவிர்க்க வேண்டும், ஏனெனில் சுருக்கத்தில் கடைசி இலக்கங்கள் மறைந்துவிடும். வகுபடும் தன்மையோ பெரும்பாலும் கடைசி இலக்கங்களில்தான் இருக்கிறது.

இரண்டாம் படி: பகாக் காரணிகளைப் பிரித்தெடுத்தல்

ஓர் எண்ணின் பகாக் காரணிகள் கைக்கு வந்துவிட்டால் மற்றப் பண்புகள் அனைத்தையும் அவற்றிலிருந்தே படித்துவிடலாம் என்பதால், இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

இலக்கங்களைக் கூட்டுவதிலிருந்து தொடங்குவோம். 2+9+3+3+1+8+6+2+5+6 என்பது 45. இது 9ஆல் வகுபடுவதால் நம் எண்ணும் 9ஆல் வகுபடும். வகுத்தால் 32590958400 கிடைக்கும். இதன் இலக்கக் கூடுதலும் வியப்பாக அதே 45. மீண்டும் 9ஆல் வகுத்தால் 3621217600. இதன் இலக்கங்களைக் கூட்டினால் 28 வருகிறது. 28 மூன்றால் வகுபடாது. ஆகவே 3 என்ற பகா எண் நான்கு முறை இருந்தது, இனி இல்லை.

எஞ்சிய எண்ணின் ஈற்றில் இரண்டு பூச்சியங்கள் இருக்கின்றன. அவற்றை நீக்குவது 100ஆல் வகுப்பதற்குச் சமம். 100 என்பது இரண்டு 2களும் இரண்டு 5களும் சேர்ந்தது. நீக்கிய பின் கிடைப்பது 36212176. இது 6இல் முடிவதால் இனி 5 கிடையாது. ஆனால் இரட்டைப்படை எண். தொடர்ந்து பாதியாக்கினால் 18106088, 9053044, 4526522, 2263261 என இறங்கி, நான்காவது முறையில் ஒற்றைப்படை எண் வந்து நிற்கிறது. முன்பு எடுத்த இரண்டையும் சேர்த்தால் 2 என்ற பகா எண் ஆறு முறை இருக்கிறது.

இனி 2263261ஐ உடைக்க வேண்டும். புதியவர்கள் வழக்கமாக இந்த இடத்தில் சோர்ந்து, 7, 11, 13 என்று ஒவ்வொன்றாக நீள் வகுத்தல் செய்யத் தொடங்குவார்கள். அதற்குத் தேவையில்லை. 7, 11, 13 மூன்றையும் பெருக்கினால் 1001 வரும். எனவே ஓர் எண்ணை மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, வலப்பக்கத்திலிருந்து ஒன்றைக் கூட்டி அடுத்ததைக் கழித்துக்கொண்டு போனால் கிடைக்கும் விடை, அம்மூன்று பகா எண்களுக்கும் ஒரே நேரத்தில் சோதனையாக அமையும். 2,263,261இல் 261 − 263 + 2 = 0. பூச்சியம் வந்துவிட்டதால் எண் 1001ஆலேயே வகுபடுகிறது; ஈவு 2261. (பொறுமையற்றவர்கள் இச்சோதனையை முழு எண்ணிலேயே முதலில் செய்திருக்கலாம்: 600 − 625 + 318 − 293 என்பதும் பூச்சியம்தான்.)

2261ஐ 7ஆல் வகுத்தால் 323. இதற்கு ஓர் அழகான வழி உண்டு: 18இன் வர்க்கம் 324, 323 அதைவிட ஒன்று குறைவு, ஆகவே அது 18 − 1, 18 + 1 ஆகியவற்றின் பெருக்கல், அதாவது 17 × 19. இரண்டும் பகா எண்கள் என்பதால் வேலை முடிந்தது. எல்லாவற்றையும் சேர்த்து எழுதினால்:

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

மூன்றாம் படி: சரிபார்த்தல்

பழைய கணக்காசிரியர்கள் பெருக்கலைச் சரிபார்க்க 9ஆல் வரும் மீதியைப் பார்க்கச் சொல்வார்கள். இந்த எண்ணில் அது பயன்படாது. எண்ணே 9ஆல் வகுபடுவதால், பிற காரணிகளில் எவ்வளவு பிழை செய்திருந்தாலும் மீதி பூச்சியமாகவே வரும். 7, 11, 13க்கும் இதே நிலைதான். நம் எண்ணின் காரணியாக இல்லாத ஒரு பகா எண்ணைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டும். அதற்கு 37 ஏற்றது, ஏனெனில் 999 என்பது 37இன் மடங்கு. ஆகையால் மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து வெறுமனே கூட்டினாலே போதும். 293 + 318 + 625 + 600 = 1836; மீண்டும் பிரித்துக் கூட்டினால் 837; இதை 37ஆல் வகுத்தால் மீதி 23.

இப்போது காரணிகளின் பக்கம் வருவோம். 2⁶ × 3⁴ × 5² × 7² என்ற பகுதியில் எல்லா அடுக்குகளும் இரட்டைப்படை என்பதால் அது ஒரு முழு வர்க்கம்: 8 × 9 × 5 × 7 = 2520, அதன் வர்க்கம். எஞ்சிய 11 × 13 × 17 × 19 என்பது 46189. எனவே நம் எண் 2520² × 46189. 2520ஐ 37ஆல் வகுத்தால் மீதி 4, அதன் வர்க்கம் 16; 46189ஐ வகுத்தால் மீதி 13; 16 × 13 = 208; 208ஐ 37ஆல் வகுத்தால் மீதி 23. இரு பக்கமும் ஒத்துப்போகின்றன. ஒரு பகா எண்ணில் மட்டும் ஒத்துப்போவது முழு நிரூபணம் ஆகாது. ஆனாலும் கைத்தவறுகளில் பெரும்பாலானவற்றை இது பிடித்துவிடும்.

நான்காம் படி: வகுத்திகளை எண்ணுதல்

ஒரு வகுத்தியை உருவாக்க வேண்டுமானால் ஒவ்வொரு பகா எண்ணிலிருந்தும் எத்தனை எடுப்பது என்று தீர்மானித்தால் போதும். 2ஐ எடுக்காமலே விடலாம், அல்லது ஒன்று முதல் ஆறு வரை எடுக்கலாம். ஆக ஏழு வழிகள். 3க்கு ஐந்து வழிகள், 5க்கும் 7க்கும் மும்மூன்று வழிகள், மற்ற நான்கு பகா எண்களுக்கும் எடுப்பது, விடுவது என இவ்விரண்டு வழிகள். அடுக்கோடு ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும் என்று பாடநூல்கள் சொல்லும் விதியின் பொருள் இவ்வளவுதான்.

7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040

இந்த விடை 1 முதல் 7 வரையுள்ள எண்களின் பெருக்கலாக அமைந்திருப்பது கண்ணுக்கு இனிய தற்செயல். 2ஐத் தொடாமல் விட்டால் கிடைக்கும் ஒற்றைப்படை வகுத்திகள் 720; அது 1 முதல் 6 வரையுள்ள எண்களின் பெருக்கல். இன்னொரு செய்தியும் இதில் உண்டு: 5040 என்ற எண்ணே நம் எண்ணை மீதியின்றி வகுக்கும்; ஈவு 58198140.

இதே முறையில் சற்று மாற்றிக் கேட்கும் கேள்விகளுக்கும் விடை காணலாம். முழு வர்க்கமாக இருக்கும் வகுத்திகள் எத்தனை? இரட்டைப்படை அடுக்குகளை மட்டும் எடுக்க வேண்டும்: 2க்கு நான்கு வழிகள், 3க்கு மூன்று, 5க்கும் 7க்கும் இரண்டிரண்டு, மற்றவற்றுக்கு ஒன்றே ஒன்று, ஆக 48. எந்தப் பகா எண்ணும் ஒரு முறைக்கு மேல் வராத வகுத்திகள் 2⁸, அதாவது 256.

வகுத்திகள் இணை இணையாக வருபவை. ஒன்றைச் சொன்னால் அதன் ஈவு மற்றொன்று. நம் எண் முழு வர்க்கம் அன்று, ஆகவே தனித்து நிற்கும் வகுத்தி எதுவும் இல்லாமல் 2520 இணைகள் கிடைக்கின்றன. முன்பு வர்க்கப் பகுதியில் வந்த அதே 2520! வர்க்கமூலம் ஏறத்தாழ 5,41,589 என்பதால், பன்னிரண்டு இலக்க எண் ஒன்றின் 2520 வகுத்திகள் ஐந்தரை லட்சத்துக்குள்ளேயே நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. அந்த நெருக்கத்தை உணர 1இலிருந்து ஒவ்வொன்றாகச் சோதித்துப் பாருங்கள். 22 வரை எல்லா எண்களும் வகுக்கின்றன. முதலில் தவறுவது 23. பிறகு 24 முதல் 28 வரை மீண்டும் எல்லாம் வகுக்கின்றன. 29இல் அடுத்த தவறு.

1729ஐ மறந்துவிட வேண்டாம். அதன் காரணிகள் 7, 13, 19, மூன்றும் நம் எண்ணில் இருப்பதால் 1729உம் 5040 பேரில் ஒன்று, ஈவு 169646400. நம் பழைய கீழ்வாய் இலக்கத்தில் வரும் மா, காணி, முந்திரி ஆகிய பின்னங்களின் கீழெண்களான 20, 80, 320 மூன்றும் இதை வகுக்கும். அவற்றுள் 320இல் 2 என்ற பகா எண் ஆறு முறை உண்டு. எனவே இந்த எண்ணில் ஒரு முந்திரி பங்கு எடுத்தால் 916620705 என்ற ஒற்றைப்படை எண் மிஞ்சும், அதற்கு மேல் பாதியாக்க முடியாது.

வகுத்திகளைக் கூட்டுதல்

இதை விரைவாகவே பார்த்துவிடலாம். ஒவ்வொரு பகா எண்ணுக்கும் அதன் அடுக்குகளைக் கூட்டி, வரும் விடைகளைப் பெருக்க வேண்டும். 1 + 2 + 4 + … + 64 = 127; 3க்கு 121; 5க்கு 31; 7க்கு 57; பிறகு 12, 14, 18, 20. இவற்றின் பெருக்கல் 1642243014720. தன்னைத் தவிர்த்த மற்ற வகுத்திகளைக் கூட்டினால் 1348924389120, அதாவது எண்ணைப் போல் ஏறத்தாழ 4.6 மடங்கு. 6, 28 போன்ற நிறைவெண்களில் இக்கூடுதல் எண்ணுக்குச் சமமாக இருக்கும். இங்கே கரை புரண்டு ஓடுகிறது. இலக்கக் கூடுதலான 45ஆலும் எண் வகுபடுவதால், தேவ்லாலியைச் சேர்ந்த கணித ஆசிரியர் கப்ரேகர் ‘ஹர்ஷத்’ என்று பெயரிட்ட எண்களின் கூட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. ஆனால் ஹர்ஷத் தன்மை நாம் பத்தின் அடிமானத்தில் எழுதுவதால் மட்டுமே வருவது. எண்ணின் உள்ளியல்பைப் பற்றி அது அதிகம் சொல்வதில்லை என்பது என் கருத்து.

ஐந்தாம் படி: இதற்கு ஏன் இத்தனை வகுத்திகள்?

ஏறத்தாழ இதே அளவுள்ள மற்ற எண்களை அருகில் வைத்துப் பார்த்தால்தான் 5040இன் பெருமை புரியும். ஒரே பகா எண்ணை அடுக்கிக்கொண்டே போவது ஒரு வழி: 2³⁸ = 274877906944; நம் எண்ணைவிடச் சற்றே சிறியது; ஆனால் அதன் வகுத்திகள் வெறும் 39. வெவ்வேறு பகா எண்களை ஒவ்வொரு முறை மட்டும் எடுப்பது எதிர்த்திசையில் உள்ள வழி: 2 முதல் 31 வரையுள்ள பதினொரு பகா எண்களையும் பெருக்கினால் 200560490130, வகுத்திகள் 2048. இரு துருவங்களுக்கும் நடுவே எங்கோ சரியான கலவை இருக்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. அக்கலவை எப்படி இருக்கும் என்பதற்கான விதிகளைத்தான் ராமானுஜன் வகுத்தார்.

உயர் பகு எண்ணில் பகா எண்கள் இடைவெளியின்றி 2இலிருந்து வரிசையாக வர வேண்டும். 19ஐ எடுத்துவிட்டு 23ஐப் போட்டால் வகுத்திகளின் எண்ணிக்கை மாறாது, எண் மட்டும் பெரிதாகும். அது வீண் செலவு. அடுக்குகள் ஏறக் கூடாது. 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என்பது போல இறங்கவோ அப்படியே நிற்கவோ வேண்டும். 2இன் அடுக்கையும் 3இன் அடுக்கையும் இடம் மாற்றினால் அதே 5040 வகுத்திகளுக்கு இரண்டேகால் மடங்கு பெரிய எண்ணைக் கொடுக்க வேண்டிவரும். கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1ஆகவே இருக்கும். இதற்கு 4, 36 ஆகிய இரண்டு மட்டுமே விலக்கு.

இவ்விதிகளுக்கு உட்பட்ட எல்லா எண்களும் உயர் பகு எண்கள் ஆகிவிடா. உறுதி செய்ய வேண்டுமானால், இவ்விதிகளை நிறைவேற்றுகிற, நம் எண்ணைவிடச் சிறிய எண்கள் அனைத்தையும் சோதிக்க வேண்டும். அவை எல்லையுள்ள பட்டியலே. பன்னிரண்டாவது பகா எண்ணான 37ஐச் சேர்த்தால் பெருக்கல் ஏழு லட்சம் கோடியைத் தாண்டிவிடும், ஆகவே பதினொரு பகா எண்களுக்கு மேல் போக வேண்டியதில்லை. கணினி இதை நொடியில் முடித்துவிடும். கையால் செய்பவர், காரணிகளை மாற்றிப் போட்டுப் பார்க்கும் முறையைப் பழக வேண்டும்; எனக்கு இந்த எண்ணில் மிகவும் பிடித்த பகுதி அதுவே.

நம் எண்ணிலிருந்து 28ஐ, அதாவது இரண்டு 2களையும் ஒரு 7ஐயும் எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக 23ஐ வையுங்கள். எண் 240940299600 ஆகக் குறையும். 2இன் ஏழு வழிகள் ஐந்தாகவும், 7இன் மூன்று வழிகள் இரண்டாகவும் சுருங்க, 23 புதிதாக இரண்டு வழிகளைத் தருவதால் வகுத்திகள் 4800. நம் எண்ணுக்கு முன்னால் நிற்கும் உயர் பகு எண் இதுவே. இப்போது 28க்குப் பதிலாக 21ஐ, அதாவது ஒரு 3ஐயும் ஒரு 7ஐயும் எடுத்துவிட்டு அதே 23ஐ வையுங்கள். எண் 321253732800 ஆகப் பெருகும், வகுத்திகள் 5376. நம் எண்ணுக்குப் பின்னால் நிற்கும் உயர் பகு எண் அது. முன்னும் பின்னும் 23 இருக்க, நடுவில் நிற்கும் 293318625600இல் மட்டும் 23 இல்லை. அதற்குப் பதிலாக 7 இரண்டு முறை வந்திருக்கிறது. அவசரமாகப் பட்டியலிடும் எவருடைய கண்ணுக்கும் தப்பக்கூடிய இடத்தில்தான் அது ஒளிந்திருக்கிறது. கணினி இல்லாத காலத்தில் கையால் கணக்கிட்டு இத்தனை எண்களை வரிசைப்படுத்தியவர் ஒன்றே ஒன்றை விட்டதில் வியப்பில்லை. விட்டது இவ்வளவு குறைவு என்பதே வியப்பு. இந்த ஆய்வுக்காகத்தான் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1916இல் அவருக்குப் பட்டம் வழங்கியது.

பயிற்சிக்கு ஓர் எண்

மேலே கண்ட படிகளை நீங்களாகவே இன்னோர் எண்ணில் செய்துபார்க்க விரும்பினால், ராமானுஜனின் அட்டவணையில் கடைசியாக நிற்கும் 6746328388800ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இது 13 இலக்க எண் ஆகையால் கடைக் கால்குலேட்டரில் ஏறாது. கையால்தான் வகுக்க வேண்டும். இதற்கு 10080 வகுத்திகள் வர வேண்டும், அதாவது நம் எண்ணுக்கு உள்ளதைப் போல் சரியாக இரண்டு மடங்கு. ஏன் இரண்டு மடங்கு என்பதை அறிய, வேறெதையும் தொடாமல் முதலில் 23ஆல் மட்டும் நீள் வகுத்தல் செய்யுங்கள். மீதி இராது, ஈவாக இறங்கும் இலக்கங்கள் 2, 9, 3, 3, 1, 8, 6, 2, 5, 6, 0, 0.